குப்பியில் வரும் பெப்டைடும் நான் எழுதிக் கொடுத்த பெப்டைடும்

"சார், பெப்டைடு போட்டுக்கிட்டா சொரியாசிஸ் போயிருமாமே?"

கொஞ்ச வருடங்களாக இந்தக் கேள்வி என் மேசைக்கு அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். ஏதோ நேற்றுத்தான் கண்டுபிடித்த சங்கதி என்கிற ஆவல் குரலில் தெரியும். தோல் மருத்துவத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் ஓட்டிவிட்ட எனக்கு அந்த ஆவல் புரிகிறது, ஆனால் வியப்பு வருவதில்லை. சைக்ளோஸ்போரின் என்ற மருந்தே ஒரு பெப்டைடுதான். பதினொரு அமினோ அமிலங்களை வளையமாகக் கோத்தது. அதைத் தோலுக்காக நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். குடலுக்காக என் நண்பர்கள் எழுதியபோது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அது கொடுத்ததையும் தெரியும், பதிலுக்குப் பிடுங்கிக்கொண்டதையும் தெரியும். புதிதாக வரும் எந்தப் பெப்டைடையும் அந்த அனுபவத்தை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

நான் படிக்கச் சேர்ந்த காலத்தில் தோல் வார்டு எங்கே இருக்கிறது என்று யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. தார் வாடை காட்டிக் கொடுத்துவிடும். கோல் தார், சாலிசிலிக் ஆசிட், டித்ரனால், வெள்ளை வாசலின், இவற்றை வைத்துத்தான் சொரியாசிஸோடு மல்லுக்கட்டினோம். டித்ரனால் பட்ட வேட்டியும் பெட்ஷீட்டும் ஊதாவும் பழுப்புமாகக் கறைபடும். நோயாளிகள் வீட்டிலிருந்து வெட்பாலை தைலம் கொண்டுவந்து தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் காயவைத்தால் அதுவும் ஊதாவாகத்தான் மாறும். யார் துணியில் எந்த ஊதா என்று வார்டு சிஸ்டருக்கே தெரியாது. இரண்டுமே ஓரளவு கேட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உள்ளுக்குக் கொடுக்க மெத்தோட்ரெக்ஸேட் இருந்தது. மலிவான, நல்ல மருந்து. வாரத்துக்கு ஒரே நாள். இந்த ஒரு வரியை நோயாளிக்குப் புரியவைப்பதற்குள் தொண்டை வறண்டுவிடும். தினமும் போட்டுக்கொண்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து வந்தவர்களை இந்தத் துறையில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அதனால் இன்றும் சீட்டில் கிழமையின் பெயரை எழுதி அடிக்கோடு போடுகிறேன், கூட வந்தவரை அதை வாசிக்கவும் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில் வந்தவர்தான் ஒரு லாரி டிரைவர். முழங்கையிலும் முதுகிலும் மட்டும் படை இருந்தவருக்கு, ஊரில் யாரோ மாதாமாதம் ஊசி போட்டிருக்கிறார்கள். ஸ்டீராய்டு என்பது அவருக்குத் தெரியாது. ஊசி போட்டால் ஒரே வாரத்தில் தோல் பளிச்சென்று ஆகிவிடும் என்பதுதான் தெரியும். ஒரு நீண்ட பயணத்தில் ஊசி தவறியது. திரும்பி வந்தபோது உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை சிவந்து, செதில் உதிர்ந்து, கால் வீங்கியிருந்தது. திருநெல்வேலியில் கத்திரி வெயில். அந்த வெயிலில் கம்பளி கேட்டு நடுங்கினார். உடம்பு முழுக்கத் தோல் சிவந்து எரியும்போது உள்ளேயிருக்கிற சூடு தங்காமல் வெளியே போய்விடும். புரதமும் தண்ணீரும் கூடவே போகும். மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்யத் தொடங்குவதற்குப் பல வாரம் ஆகும். அவருக்கு அவ்வளவு வாரம் இல்லை.

சைக்ளோஸ்போரின் கொடுக்கலாம் என்றார் எங்கள் பேராசிரியர். அப்போது அது சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களின் மருந்து. விலை அவர்களுக்கே தாங்காது. சிறுநீரக மாற்று செய்கிற இடங்களில் கீட்டோகொனசோல் என்ற பூஞ்சை மாத்திரையைக் கூடக் கொடுத்து, ரத்தத்தில் சைக்ளோஸ்போரின் அளவை உயர்த்தி, அதன்மூலம் மருந்துச் செலவைக் குறைத்தார்கள். நம் நாட்டு வறுமைக்கு நம் டாக்டர்கள் கண்டுபிடித்த கணக்கு அது. டிரைவரின் மச்சினன் மதுரைக்குப் போய் மருந்து வாங்கிவந்தார். எண்ணெயில் கரைத்த திரவம். பாலில் கலந்து கண்ணாடி டம்ளரில்தான் குடிக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது வாரத்தில் நடுக்கம் நின்றது. மாதம் திரும்புவதற்குள் செதில் அடங்கிவிட்டது. அவ்வளவு வேகமாக ஒரு சொரியாசிஸ் பின்வாங்கி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இந்த மருந்து வந்த கதையை மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்வேன். 1969-ல் நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமிக்கு விடுமுறையில் போன சான்டோஸ் என்ற மருந்துக் கம்பெனியின் ஊழியர் ஒருவர் கொஞ்சம் மண் அள்ளிவந்தார். அந்தக் கம்பெனி ஊழியர்களுக்கு அப்படியொரு வழக்கம். அதிலிருந்த பூஞ்சையை ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் ஆராய்ந்தபோது, 1972-ல், அது எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறது என்று தெரிந்தது. 1983-ல் அமெரிக்காவில் உறுப்பு மாற்றுக்கு அனுமதி. சொரியாசிஸுக்கு வந்தது தற்செயலாக. மூட்டுவலிக்காகக் கொடுத்துப் பார்த்தபோது, கூடவே சொரியாசிஸும் இருந்தவர்களின் தோல் சுத்தமானது. 1979-லேயே அதை ஒரு சிறு கடிதமாக எழுதிவிட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் சொரியாசிஸுக்கு முறைப்படி அனுமதி கிடைத்தது 1997-ல்தான். நடுவில் பதினெட்டு ஆண்டு. எவ்வளவு கொடுக்கலாம், எத்தனை மாதம் கொடுக்கலாம், சிறுநீரகம் எப்போது கெடும் என்பதையெல்லாம் கண்டுபிடிக்கத்தான் அந்தக் காலம் செலவானது.

பெப்டைடை வாய்வழி கொடுப்பது சாதாரணக் காரியமில்லை. சாப்பிட்ட பருப்பையும் முட்டையையும் எப்படி வெட்டிச் செரிக்கிறதோ, அப்படியே பெப்டைடையும் குடல் வெட்டிவிடும். இன்சுலினை மாத்திரையாகக் கொடுக்க முடியாமல் ஊசியாகப் போடுவது அதனால்தான். சைக்ளோஸ்போரின் தப்பித்ததற்குக் காரணம் அதன் அமைப்பு. வளையமாக இருப்பதால் நொதிக்குப் பிடித்து வெட்ட முனை கிடைக்காது. பதினொரு அமினோ அமிலங்களில் ஏழில் மெத்தில் என்ற சிறு தொங்கல் வேறு ஒட்டியிருக்கிறது. அப்படியும் பழைய எண்ணெய் மருந்து ஆளுக்கு ஆள் வேறு மாதிரிதான் ரத்தத்தில் ஏறியது. தொண்ணூறுகளின் நடுவில் நுண்துளிக் கலவையாக மாற்றிய பிறகுதான் கொஞ்சம் ஒழுங்குக்கு வந்தது. இந்தக் காப்ஸ்யூலை அட்டையிலிருந்து பிரித்தால் சாராய வாடை அடிக்கும், உள்ளே கொஞ்சம் ஆல்கஹால் இருப்பதால். "ராத்திரி மருந்துன்னு சொல்லிட்டு என்னத்தையோ குடிக்காரு சார்" என்று ஒரு மனைவி நேரே என்னிடமே வந்து புகார் சொன்னார். அவர் முன்னால் ஒரு காப்ஸ்யூலைப் பிரித்துக் காட்டினேன்.

அது வாங்கிய விலைக்கு வருகிறேன். ரத்த அழுத்தம் ஏறும். ஈறு வீங்கும். முகத்தில், கையில் முடி வளரும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் படை மறைய வேண்டும் என்று கேட்ட வீட்டில், படை மறைந்து கன்னத்தில் முடி வந்தால் என்ன ஆகும்? இதையெல்லாம் மருந்து எழுதுவதற்கு முன்பே உட்கார வைத்துப் பேச வேண்டும். முக்கியமான விலை சிறுநீரகம். தொடங்கும்போது கிரியாட்டினின் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, அதிலிருந்து கால் பங்குக்கு மேல் ஏறினால் அளவைக் குறைக்க வேண்டும். வருடக்கணக்கில் கொடுக்கவே கூடாது. தீயை அடக்கிவிட்டு வேறு மருந்துக்கு மாற்றிவிட வேண்டும்.

ஒருவருக்கு எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று பிரஷர் எகிறியது, கிரியாட்டினின் கூடியது. மாத்திரை அளவு மாறவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், தொடையிடுக்கில் படர்தாமரை என்று மெடிக்கல் ஷாப்பில் சொல்லி இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். சிறுநீரகக்காரர்கள் காசு மிச்சம் பிடிக்கத் தெரிந்தே செய்த அதே கூட்டு, இங்கே யாருக்கும் தெரியாமல் நடந்திருக்கிறது.

குடலுக்கும் தோலுக்கும் உள்ள உறவைப் புத்தகத்தில் படித்தேன் என்றாலும், அதை எனக்கு உறைக்கச் சொல்லிக் கொடுத்தவர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த, பீடி சுற்றும் ஒரு அம்மா. முன்காலில் புண். சிறு கொப்புளமாக வந்தது உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. ஓரிடத்தில் சதையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். பெரிதானது. மறுபடி சுத்தம் செய்தார்கள். இன்னும் பெரிதானது. சர்க்கரை இல்லை. கிருமிப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் இல்லை. காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று யாரோ சொன்னதும் அழுதுகொண்டே வந்திருக்கிறார். புண்ணின் ஓரம் ஊதா நிறத்தில், அடியில் குடைந்து, தொட்டால் உயிர்போகும் வலி. பையோடெர்மா காங்க்ரினோசம். பெயர்தான் அழுகல் என்று சொல்கிறது, கிருமி அதற்குக் காரணமில்லை. கத்தி பட்டால் வளர்கிற புண் அது.

"வயித்துக்கு எப்பிடிம்மா இருக்கு?" என்றேன்.

"வயித்துக்கு ஒண்ணுமில்ல சார். மூலந்தான் இருக்கு. ரத்தமும் சளியுமாப் போவும். ரொம்ப வருசமா இருக்கு. மூலம் பௌத்திரம்னு போர்டு போட்டிருக்காவல்லா, அங்க மருந்து வாங்கித் திங்கேன்."

கொலோனாஸ்கோபியில் பெருங்குடல் முழுக்கப் புண். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். நம் ஊரில் ரத்தம் போனால் மூலம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். சளியும் ரத்தமும் சேர்ந்து, இரவில் எழுப்பி, மாதக்கணக்கில் போனால் அது மூலமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அந்த அம்மாவின் காலை ஆறவைத்தது கத்தியோ ஆன்டிபயாட்டிக்கோ இல்லை, ஸ்டீராய்டும் பிறகு சைக்ளோஸ்போரினும்தான். குடலுக்கு மெசலமைன் தொடர்ந்தது. கால் தப்பியது, துளை துளையாகத் தழும்பு மட்டும் நின்றது. இந்தப் புண்ணுக்கு ஸ்டீராய்டா சைக்ளோஸ்போரினா, எது சிறந்தது என்று பிரிட்டனில் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2015-ல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் ஆறியது இரண்டு மருந்திலும் பாதிப்பேருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான். எனவே யாருக்கு எது ஆகாது என்று பார்த்துத்தான் இன்றும் தேர்ந்தெடுக்கிறோம். சர்க்கரை இருந்தால் ஒன்று, பிரஷர் இருந்தால் மற்றது.

அதற்குப் பிறகு குடல் டாக்டர் நண்பரின் வார்டுக்கு அடிக்கடிப் போக ஆரம்பித்தேன். அங்கேயும் அதே பெப்டைடு. ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றியும் அடங்காத கொலைட்டிஸுக்கு முன்பெல்லாம் பெருங்குடலை எடுப்பதுதான் வழி. 1994-ல் அமெரிக்காவிலிருந்து ஒரு சிறு ஆய்வு வந்தது. சைக்ளோஸ்போரின் ஏற்றிய 11 பேரில் 9 பேருக்குச் சராசரியாக ஒரு வாரத்தில் அடங்கியது. போலி மருந்து ஏற்றிய 9 பேரில் ஒருவருக்கும் இல்லை. இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து உலகமே சிகிச்சையை மாற்றிக்கொண்டது அபூர்வம். ஆனால் இடைவிடாது ரத்த அளவு பார்க்க வேண்டும், கிருமித் தொற்றுக்குப் பயப்பட வேண்டும். நண்பர் இரவில் வீட்டுக்குப் போகாமல் கிடந்த நாட்கள் உண்டு.

பிறகு பயலாஜிக் ஊசிகளின் காலம். இன்ஃப்ளிக்ஸிமாப் 1998-ல் க்ரோன் என்ற குடல் நோய்க்கு வந்தது, பின்னால் சொரியாசிஸுக்கும் வந்தது. குடலும் தோலும் ஒரே மருந்தில் அடங்கியதைப் பார்த்து நாங்கள் எல்லாருமே கொஞ்சம் மயங்கினோம். 2001-ல் அந்த மருந்து போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்த அறிக்கை வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் காசநோய் குறைவான நாட்டுக்காரர்கள். நம் ஊரில் உள்ளே காசக் கிருமி தூங்குகிற நெஞ்சுகள் ஏராளம். ஆகவே ஊசிக்கு முன் எக்ஸ்ரே, மான்டூ என்ற தோல் பரிசோதனை, வசதியிருந்தால் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரை. இதைச் செய்யாமல் ஊசி போடுகிறவரிடம் போகாதீர்கள்.

குடலும் தோலும் ஒன்றுதான் என்று நினைத்தவர்களைத் திருத்தியது அடுத்த தலைமுறை ஊசிகள். இன்டர்லூக்கின்-17 என்ற செய்தி மூலக்கூறைத் தடுக்கும் செகுகினுமாப் சொரியாசிஸில் பிரமாதமாக வேலை செய்தது. 2015-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. க்ரோன் நோய்க்கும் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். 2012-ல் வந்த முடிவில், வெறும் ஊசி போட்டவர்களைவிட மருந்து போட்டவர்கள் மோசமாக இருந்தார்கள். தோலில் தீயாக இருக்கிற அதே மூலக்கூறு குடலின் சுவரைக் காக்கிறது. ஆனால் அதற்கு ஒரு படி மேலே, இன்டர்லூக்கின்-23-ல் கைவைத்தால் இரண்டு இடத்திலும் பலன் கிடைத்தது. சொரியாசிஸ் நோயாளியிடம் இன்றைக்கு நான் வயிற்றைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பதற்கு இதுவே காரணம். சிலர் "தோலுக்கு வந்தா வயித்தப் பத்தி ஏன் சார் கேக்கிறீங்க?" என்று முகம் சுளிப்பார்கள். கேட்காமல் இந்த ஊசியை எழுதக்கூடாது.

குப்பிக்கு வருவோம். ஒரு தம்பி வந்தார். சென்னை ஐடி கம்பெனியில் வேலை, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உண்டு, தலையிலும் காதின் பின்னாலும் சொரியாசிஸ். தம்பி பையிலிருந்து இரண்டு சிறு கண்ணாடிக் குப்பிகளை எடுத்து வைத்தார். வெள்ளைப் பொடி. மருந்துத் தண்ணீரில் கரைத்து இன்சுலின் சிரிஞ்சில் வயிற்றுத் தோலில் போட்டுக்கொள்கிறாராம். ஒன்று பிபிசி-157, குடலை ஆற்றுமாம். மற்றது கேபிவி, வீக்கத்தை அடக்குமாம். லேபிளில் ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து. தயாரித்தவர் பெயர் இல்லை. லைசென்ஸ் எண் இல்லை. மெசலமைனை நிறுத்தி இரண்டு மாதம். மறுபடி ரத்தம் போகத் தொடங்கியதால்தான் வந்திருக்கிறார்.

அந்த இரண்டிலும் விஞ்ஞானமே இல்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அது பொய். கேபிவி என்பது நம் உடம்பிலேயே இருக்கிற, தோல் நிறத்தைத் தூண்டும் ஆல்ஃபா-எம்எஸ்ஹெச் என்ற 13 அமினோ அமில ஹார்மோனின் கடைசி மூன்று கண்ணிகள். 2008-ல் அட்லாண்டாவில் எலிகளுக்கு அதைக் குடிதண்ணீரில் கொடுத்தபோது குடல் வீக்கம் குறைந்தது. வீங்கிய குடலின் செல்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு வாசல் வைத்திருக்கின்றன என்பதுதான் அந்த ஆய்வின் சுவாரசியமே. அதாவது வாயால் கொடுத்ததுதான் அங்கே விஷயம். தம்பி தொப்பையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பிபிசி-157 பதினைந்து அமினோ அமிலம், குரோஷியாவின் சாக்ரெப்பில் பல ஆண்டு ஆராய்ந்தது, அதுவும் பெரும்பாலும் எலியில். மருந்தாக அனுமதி பெறாத பொருள் என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022 முதல் அதை விளையாட்டு வீரர்களுக்குத் தடைசெய்திருக்கிறது. ஆய்வுக்கூடத்திலிருந்து அனுமதிவரை வர சைக்ளோஸ்போரின் எத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டது என்று மேலே சொன்னேன். இவை அந்தப் பாதையை இன்னும் கடந்து முடிக்கவில்லை.

அதே கடைகள் எல்எல்-37 என்ற பெப்டைடையும் எதிர்ப்புச் சக்திக்கு என்று விற்கின்றன. அது நம் தோலே சுரக்கிற கிருமிநாசினி. சொரியாசிஸில் அது உடைந்த டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு எதிர்ப்புச் செல்களை உசுப்பிவிடுகிறது என்று 2007-லேயே எழுதிவிட்டார்கள். முகச்சிவப்பு நோயான ரொசேஷியாவிலும் அதற்குப் பங்கு உண்டு. பெப்டைடு என்றால் சாந்தப்படுத்தும் என்று யார் சொன்னது? எரிக்கிற பெப்டைடும் இருக்கிறது.

குறுக்குவழி தேடாமல் நல்ல வழியில் வந்த பெப்டைடுகளும் உண்டு. கேபிவியின் தாய் ஹார்மோனையே கொஞ்சம் மாற்றி அமைத்த அஃபாமெலனோடைடு, வெளிச்சம் பட்டாலே துடிக்கிற அபூர்வத் தோல் நோய்க்கு ஐரோப்பாவில் 2014-லும் அமெரிக்காவில் 2019-லும் அனுமதி பெற்றது. இப்போது நான் ஆர்வமாகக் கவனிப்பது ஐகோட்ரோகின்ரா. இன்டர்லூக்கின்-23 போய் உட்காரும் ஏற்பியை அடைக்கிற பெப்டைடு, மாத்திரையாகத் தினம் ஒன்று. விழுங்கியதில் மிகச் சிறிய பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது, அந்தச் சிறிய பங்கே போதும் என்கிற அளவுக்கு அதன் பிடி இறுக்கம். மூன்றாம் கட்டச் சோதனையில், 16-வது வாரத்தில், சுமார் மூன்றில் இரண்டு பேருக்குத் தோல் சுத்தமாகவோ கிட்டத்தட்டச் சுத்தமாகவோ ஆனது. 2025-ல் அமெரிக்காவில் அனுமதி கேட்டு விண்ணப்பித்தார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கும் சோதித்து வருகிறார்கள். குளிர்பெட்டி வேண்டாம், சிரிஞ்சு வேண்டாம் என்பது கரண்ட் போகிற நம் ஊருக்குப் பெரிய காரியம். விலை எப்படியிருக்கும் என்பதுதான் என் கவலை. பல ஆண்டு கொடுத்த பிறகு என்ன தெரியவரும் என்பதும்.

அந்தத் தம்பியை அன்றே குடல் டாக்டரிடம் அனுப்பினேன். மெசலமைன் மறுபடி தொடங்கியது, கூட ஸ்டீராய்டும் கொஞ்ச காலம் தேவைப்பட்டது. தலைக்கு நான் கொடுத்தது பழைய தார் ஷாம்பும் ஒரு லோஷனும்தான். அதிலேயே அடங்கிவிட்டது.

எந்த வைத்தியத்திலும் இருங்கள், எதை வேண்டுமானாலும் போட்டுப் பார்த்திருங்கள், டாக்டரிடம் வரும்போது மட்டும் மறைக்காதீர்கள். தைலமோ, சூரணமோ, ஊசிக் குப்பியோ, மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையோ, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். தோலுக்கு வந்திருந்தாலும் ரத்தமோ சளியோ போவதைச் சொல்லிவிடுங்கள். குடலுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை, தோல் நன்றாக இருக்கிறதே என்றோ குப்பி கிடைத்துவிட்டதே என்றோ நீங்களாக நிறுத்தாதீர்கள்.